நண்பகல் சோர்வும் வலைப்பூ எழுத்தும்

பழைய ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்தவர்களுக்குத் தலையான பாவங்கள் ஏழும் இன்றும் நாவில் நிற்கும். அகங்காரத்தில் தொடங்கும் அந்த வரிசை சோம்பலில் முடியும். அதிகாலைத் திருப்பலிக்கு எழாமல் பாயில் சுருண்டு கிடப்பதுதான் அந்தக் கடைசிப் பாவம் என்று சிறுவயதில் நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டோம். ஆனால் இச்சொல்லுக்குப் பின்னே 'அக்கேதியா' என்றொரு கிரேக்கச் சொல் இருக்கிறது. அக்கறை அற்றுப்போதல் என்பது அதன் பொருள். பாலைவனத் துறவிகள் அச்சொல்லைச் சோம்பேறிகளுக்காகப் படைக்கவில்லை. கடுமையாக உழைத்தும் செபித்தும் வந்த தங்களுக்கே நேர்ந்த ஒரு விசித்திர நோய்க்கு அப்பெயரை இட்டார்கள்.

அந்தச் சொல்லை இன்று தூசி தட்டி எடுப்பதற்குக் காரணம் உண்டு. இணையத்தில் எழுதும் பழக்கம் தோன்றி முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. பெரும் ஆர்வத்தோடு தொடங்கி, ஆண்டுக்கணக்கில் நாள் தவறாமல் எழுதி, ஒருநாள் எழுத்தே கசந்துபோய் மௌனமானவர்கள் ஏராளம். மௌனமானவர்களுள் சிலர் மீண்டும் எழுத வந்திருக்கிறார்கள். சோர்ந்ததற்கும் மீண்டதற்கும் அவர்கள் கூறும் காரணங்களைக் கேட்கும்போது, ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் மணல்வெளியில் எழுதப்பட்ட நோய்க்குறிப்பு ஒன்று நம் நினைவுக்கு வருகிறது.

அக்குறிப்பை எழுதியவர் எவாக்ரியுஸ். இன்றைய துருக்கி நாட்டின் வடபகுதியான போந்துசில் ஏறத்தாழ 345-ஆம் ஆண்டில் பிறந்தவர். கான்ஸ்டாண்டிநோப்பிள் நகரில் திருத்தொண்டராகப் பணியாற்றி, சொல்வன்மையால் பெயரும் புகழும் பெற்றவர். அந்த நகரை விட்டு வெளியேறி, எருசலேம் வழியாக எகிப்துக்குச் சென்று, முதலில் நித்ரியாவிலும் பின்னர் 'அறைகள்' என்னும் பொருள்படும் கெல்லியாவிலும் தவவாழ்வு வாழ்ந்தார். 399-ஆம் ஆண்டில் அங்கேயே உயிர்நீத்தார். அவர் செய்த கைத்தொழில் என்ன தெரியுமா? ஏடு பெயர்த்து எழுதுதல். கூடை முடைந்து பிழைத்த துறவிகளுக்கு நடுவே அவர் எழுத்தால் பிழைத்தார். சொந்தமாக எழுதியவையும் பெரும்பாலும் சிறுசிறு பத்திகள்தாம். ஒவ்வொன்றும் சில வரிகள். நூறு பத்தி சேர்ந்தால் ஒரு நூல். இக்கால வலைப்பூக்காரர்களுக்கு அவரை மூதாதை என்று சொன்னாலும் பொருந்தும்.

மனிதனை அலைக்கழிக்கும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்த எவாக்ரியுஸ், அவற்றுள் மிகப் பாரமானது அக்கேதியா என்றார். திருப்பாடல் 91 நண்பகல் வேளையில் தாக்கும் கேட்டைப் பற்றிப் பேசுகிறதல்லவா? அதனோடு இணைத்து இதனை நண்பகல் பேய் என்றும் அழைத்தார்கள். காலை பத்து மணிக்கு வந்து பிற்பகல் இரண்டு மணி வரை அது ஆளைப் பிடித்துக்கொள்ளும். வானில் கதிரவன் நகரவே இல்லையோ என்று தோன்றும். ஒரு பகலுக்கு ஐம்பது மணி நேரமோ என்று மலைப்பு உண்டாகும். துறவி எழுந்து சன்னலை நோக்குவார். அறையைவிட்டு வெளியே வந்து, உணவு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று வெயிலை அளப்பார். சகோதரர் எவரேனும் தம்மைத் தேடி வருகிறாரா என்று இப்புறமும் அப்புறமும் பார்ப்பார். பிறகு இருக்கும் இடம் வெறுக்கும். செய்யும் தொழில் வெறுக்கும். சகோதரரிடையே அன்பு அற்றுப்போயிற்று, ஆறுதல் சொல்ல ஆளில்லை என்னும் எண்ணம் எழும். அண்மையில் எவரேனும் மனம் நோகப் பேசியிருந்தால் அதுவும் அந்நேரம் நினைவுக்கு வந்து வெறுப்பை வளர்க்கும். வேறோர் இடத்துக்குப் போனால் வேலையும் எளிது, பலனும் மிகுதி என்று அந்தப் பேய் காதில் ஓதும்.

கைப்பேசியை ஒரு மணி நேரத்தில் இருபது முறை எடுத்துப் பார்ப்பவர்களுக்கு இந்தச் சன்னல் புதியதன்று.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள சுவார்த்மோர் கல்லூரி மாணவர் ஜஸ்டின் ஹால் தமக்கென ஒரு வலைப்பக்கம் தொடங்கினார். இணையத்தில் தாம் கண்ட நல்லவற்றுக்கு வழிகாட்டுவதாகத் தொடங்கிய அப்பக்கம் விரைவில் அவரது அன்றாட வாழ்வின் திறந்த நாட்குறிப்பாயிற்று. இத்தகைய எழுத்துக்கு அப்போது பெயர்கூட இல்லை. 'வெப்லாக்' என்னும் சொல்லை ஜோர்ன் பார்கர் 1997 திசம்பரில் வழக்கில் கொணர்ந்தார். 1999-இல் அது 'பிளாக்' என்று சுருங்கிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் 'பிளாக்கர்' சேவை வந்தது. கணினி மொழி அறியாதவர்களும் எழுதலாம் என்ற நிலை பிறந்தது. 2003 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது.

தமிழுக்கும் அந்த வாசல் அதே காலத்தில்தான் திறந்தது. எழுத்துருக் குழப்பம் நீங்கி ஒருங்குறி பரவியதும் தாயகம், ஈழம், புலம்பெயர் நாடுகள் என எல்லாத் திசையிலிருந்தும் தமிழர் எழுதினர். வலைப்பதிவு, வலைப்பூ என்று அழகான பெயர்கள் பிறந்தன. சிதறிக் கிடந்த பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் 'தமிழ்மணம்' 2004-இல் எழுந்தது. அக்காலப் பதிவர்களிடம் பேசிப் பாருங்கள். அவர்கள் முதலில் நினைவுகூர்வது தாங்கள் எழுதியதை அன்று, தங்களுக்கு வந்த பின்னூட்டங்களை. இலக்கிய ஏடுகளின் கதவு திறவாத இல்லத்தரசியும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் பாலைவன நாட்டில் வேலை செய்யும் தொழிலாளியும் எழுத்தாளர் ஆனார்கள். இதனை எளிய நன்மை என்று எவரும் தள்ளிவிட முடியாது.

பின் எங்கே சோர்வு புகுந்தது? ஜஸ்டின் ஹாலிடமே பார்க்கலாம். பதினோர் ஆண்டுகள் தம் வாழ்வையெல்லாம் வெட்டவெளிச்சமாக்கிய அவர், 2005 சனவரியில் ஒரு காணொளியை வெளியிட்டார். கலங்கிய முகத்தோடு அவர் அதில் சொன்னது இதுதான்: உலகத்தோடு பேசிக்கொண்டே இருப்பவனுக்கு அருகில் இருப்பவரோடு நெருங்கி வாழ இயலாமல் போகிறது. அத்துடன் அன்றாட எழுத்தை நிறுத்திக்கொண்டார். அக்காணொளிக்கு அவர் இட்ட பெயர் 'இருண்ட இரவு'. தூய சிலுவை யோவானைப் படித்தவர்கள் இப்பெயரைக் கண்டு திடுக்கிடாமல் இருக்க முடியுமா? அப்புனிதர் கூறும் இரவில் இறைவனே ஆன்மாவை வெறுமையாக்குகிறார். இவரோ தம்மையே பகிர்ந்து பகிர்ந்து வெறுமையானார். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஆயினும் அம்மனிதரின் துயரம் உண்மையானது. அதனை எள்ளி நகையாடுவதும் கூடாது.

இதற்குப் பின் வந்த மாற்றங்கள் சோர்வைப் பெருக்கின. 2004-இல் முகநூலும் 2006-இல் டுவிட்டரும் தோன்றின. 2009 பிப்ரவரியில் முகநூல் 'விருப்பம்' என்னும் பொத்தானைச் சேர்த்தது. மிகச் சிறிய கருவி அது. ஆனால் அதன் விளைவு மிகப் பெரிது. அதுவரை எழுதியவனுக்குக் கிடைத்தது ஒரு மனிதரின் மறுமொழி. இப்போது கிடைத்தது ஓர் எண். மறுமொழி பேச்சாக வளரும். எண் ஒப்பீடாக மட்டுமே வளரும். நேற்றைய பதிவுக்கு எண்பது, இன்றைய பதிவுக்குப் பன்னிரண்டு என்றால், இன்று நாம் எழுதியது பொய்யாகிவிடுமா? ஆகாது என்று அறிவு சொல்கிறது, மனம் கேட்பதில்லை. 2013 சூலை முதல் நாள் கூகுள் தன் 'ரீடர்' சேவையை மூடியது. தாம் விரும்பும் பதிவர்களைத் தேர்ந்து, வரிசையாக அமர்ந்து வாசித்தவர்கள் அதன்மூலம்தான் வாசித்தார்கள். அது மூடப்பட்டபின், எதை வாசிப்பது என்பதை வாசகருக்காக இயந்திரம் தேர்ந்தெடுக்கும் வழக்கம் மேலும் வலுத்தது.

இந்தச் சோர்வையும் மீட்சியையும் ஒருசேரக் காட்டும் வாழ்க்கை ஒன்று உண்டு. ஆண்ட்ரூ சல்லிவன் இங்கிலாந்தில் பிறந்த கத்தோலிக்கர். அமெரிக்காவில் புகழ்பெற்ற வார இதழொன்றின் ஆசிரியராக இருந்தவர். அவருடைய அரசியலும், திருச்சபையின் போதனையோடு அவருக்குள்ள கருத்து வேறுபாடுகளும் இக்கட்டுரைக்கு உரியவையல்ல. 2000-ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய நாள்தோறும் எழுதும் வலைப்பூ, பத்திரிகையுலகில் இவ்வகை எழுத்துக்கு மதிப்பு தேடித்தந்தவற்றுள் ஒன்று. நாளுக்கு ஒன்றல்ல, மணிக்குப் பல பதிவுகள் வெளிவந்தன. 2013-இல் பெரிய நிறுவனங்களைச் சாராமல் சந்தாவை நம்பித் தனித்து நின்றார். ஏறத்தாழ 30,000 பேர் பணம் செலுத்தி வாசித்தார்கள். வெற்றி உச்சத்தில் இருந்தது. 2015 பிப்ரவரியில் அனைத்தையும் நிறுத்தினார். உடல்நலம் கெட்டிருந்தது. நண்பர்களைக் காண நேரமில்லை. மெதுவாக ஒரு புத்தகத்தை வாசிக்கும் ஆற்றலும் கைநழுவிக்கொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு ஒரு நீண்ட கட்டுரையில் தம் நிலையை அவர் விளக்கினார். கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு மாசசூசெட்சு மாநிலத்தில் ஒரு மௌனத் தியான இல்லத்தில் தங்கிய நாள்களை விவரித்தார். தொடக்கத்தில் மௌனம் அவருக்கு அமைதி தரவில்லை. அத்தனை ஆண்டு இரைச்சல் அமுக்கி வைத்திருந்த இளமைக்காலத் துன்பம் பீறிட்டெழுந்தது. அக்கட்டுரையில் அவர் திருச்சபைகளுக்கு ஒரு செய்தி வைத்தார். இன்று விசுவாசத்துக்குப் பெரிய ஆபத்து சிற்றின்ப நாட்டத்திலிருந்து வருவதைக் காட்டிலும் கவனச்சிதறலிலிருந்தே மிகுதியாக வருகிறது; ஆலயங்கள் மௌனத்தின் இடங்களாக மீண்டும் விளங்கினால் மக்கள் தேடி வருவார்கள் என்பது அதன் சாரம். ஆலயத்துக்குள் நான்கு ஒலிபெருக்கி மாட்டி, நற்கருணை உட்கொண்டபின் ஒரு நிமிடமும் சும்மா இராமல் பாடிக்கொண்டே இருக்கும் நமக்கு இது சற்றே சுடத்தான் செய்யும்.

2020 சூலையில் அவர் மீண்டும் எழுத வந்தார். இம்முறை வாரம் ஒருமுறை. பழைய பெயரில் 'நாள்' என்ற சொல் நீங்கி 'வாரம்' என்ற சொல் வந்தது. மாற்றுக்கருத்துடைய வாசகர்களின் நீண்ட மடல்களுக்கு அதில் தனியிடம் உண்டு. ஆர்வம் திரும்பியது, ஆனால் பழைய வேகம் திரும்பவில்லை. அவ்வேகத்தை அவர் வேண்டுமென்றே வெளியில் நிறுத்திவைத்தார் என்றே நாம் கருதுகிறோம்.

நாள் வாரமாயிற்று என்னும் இந்தச் சிறு மாற்றத்தைத் தூய தோமா அக்குவினார் கண்டிருந்தால் புன்னகைத்திருப்பார். அக்கேதியாவை அவர் சோம்பல் என்று சொல்லி விட்டுவிடவில்லை. இறைவன் தரும் நன்மையைக் குறித்தே மனம் வருந்துவது என்றும், அன்பினின்று பிறக்கும் மகிழ்ச்சிக்கு அது எதிரானது என்றும் வரையறுத்தார். பிறகு வியக்கத்தக்க ஒன்றைச் சொன்னார்: இப்பாவம் ஓய்வுநாளைத் தூயதாகக் கடைப்பிடிக்கும் கட்டளைக்கு எதிரானது. சோம்பல் எப்படி ஓய்வுக்கு எதிராகும்? கட்டளை கேட்கும் ஓய்வு, மனம் இறைவனில் அமர்ந்திருப்பது. அக்கேதியா பிடித்த மனத்தால் எங்குமே அமர இயலாது. சன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருக்கும் அத்துறவியை நினைத்துப் பாருங்கள். சோர்ந்தவன் ஓயவில்லை, ஓயமுடியாததே அவனது சோர்வு.

எழுத்தை நிறுத்துவதெல்லாம் நோய் என்றும் கொள்ளற்க. அந்த அக்குவினாரே 1273 திசம்பர் 6-ஆம் நாள், நேப்பிள்சு நகரில் திருப்பலி நிறைவேற்றியபின், முடியாதிருந்த தம் பெருநூலைத் தொடராமல் எழுதுகோலைக் கீழே வைத்தார். தாம் கண்டவற்றின் முன் எழுதியவையெல்லாம் வைக்கோல் போன்றவை என்று தம் துணைவர் ரெஜினால்டிடம் கூறினார். மூன்று மாதங்களில் இறந்தார். அவரது மௌனத்தில் வெறுப்பு இல்லை, நிறைவு இருந்தது. நம் மௌனம் எந்த வகை என்பதை அவரவர்தாம் ஆன்ம சோதனையில் கண்டுகொள்ள வேண்டும்.

இணையத்தில் திருச்சபை நடந்து வந்த வழியையும் சுருக்கமாகப் பார்க்கலாம். 1995-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவன்று வத்திக்கான் இணையத்தில் அடியெடுத்து வைத்தது. அதன் கணினிகளுக்கு மிக்கேல், கபிரியேல், இரபேல் என்று அதிதூதர்களின் பெயர் சூட்டப்பட்டது. 2011 மே 2-ஆம் நாள், இரண்டாம் யோவான் பவுல் அருளாளராக உயர்த்தப்பட்டதற்கு மறுநாள், உலகெங்கிலுமிருந்து 150 வலைப்பதிவர்களை வத்திக்கான் அழைத்து உரையாடியது. அவ்வாண்டுச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், உண்மையின் மதிப்பு அதற்குக் கிடைக்கும் செல்வாக்கைப் பொறுத்ததன்று என எச்சரித்தார். 'விருப்பம்' பொத்தான் வந்து இரண்டே ஆண்டுகளில் எழுந்த எச்சரிக்கை அது. மறு ஆண்டுச் செய்தியின் பொருள் மௌனமும் சொல்லும். அந்த முதியவர்தாம் 2012 திசம்பர் 12-இல் டுவிட்டரில் எழுதிய முதல் திருத்தந்தை என்பது வரலாற்றின் இனிய முரண். 2013 பிப்ரவரி 28-இல் அவர் பணி துறந்ததும் அப்பக்கம் மௌனமாயிற்று. மார்ச் 17-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதே பக்கத்தில் தொடர்ந்தார். 2023 மே 28, தூய ஆவியார் பெருவிழா நாளிட்டு வத்திக்கான் வெளியிட்ட சமூக ஊடகம் பற்றிய மேய்ப்புப்பணிச் சிந்தனை நல்ல சமாரியர் உவமையை அடித்தளமாகக் கொண்டது. எத்தனை பேர் நம்மைக் காண்கிறார்கள் என்ற கேள்வியைவிட, வழியில் கிடப்பவர் நம் கண்ணில் படுகிறாரா என்ற கேள்வியே அதில் முந்தி நிற்கிறது.

மீண்டும் பாலைவனத்துக்குச் செல்வோம். எவாக்ரியுசின் போதனையை மேற்றிசைக்குக் கொண்டு சென்றவர் யோவான் கசியான். எகிப்தில் பல ஆண்டுகள் தங்கி, 415-ஆம் ஆண்டையொட்டித் தென் பிரான்சின் மர்செய் நகரில் மடங்களை நிறுவியவர். அக்கேதியாவுக்கு ஒரு தந்திரம் உண்டென்று அவர் கண்டுபிடித்தார்: அது பக்தி வேடம் பூண்டு வரும். இந்நேரத்தில் நோயுற்ற இன்னாரைச் சந்திப்பது கடமையல்லவா, ஆதரவற்ற அப்பெண்மணிக்கு உதவுவது அறைக்குள் அடைந்து கிடப்பதைவிட மேலல்லவா என்று அது தூண்டுமாம். வாட்சப் குழுக்களில் நள்ளிரவு வரை விழித்திருப்பதற்கு 'மேய்ப்புப்பணி' என்றும் 'நற்செய்திப் பணி' என்றும் பெயரிட்டுக்கொள்வோர் நம்மிடையே இல்லையா? பணியும் அதில் உண்டு, மறுக்கவில்லை. பணி எங்கே முடிந்து சன்னல் எங்கே தொடங்குகிறது என்பதே கேள்வி.

கசியான் தம் அனுபவத்தையும் எழுதியிருக்கிறார். ஒருநாள் இந்நோய் கடுமையாக வருத்தவே, பெரியவர் ஒருவரிடம் ஓடிச் சென்று பேசி அதிலிருந்து விடுபட்டதாக அப்பா மோசேயிடம் சொன்னாராம். நீ விடுபடவில்லை, தோற்று ஓடினாய். அடுத்தமுறை அது இன்னும் வலுவாக வரும் என்றார் மோசே. வலைப்பூ சலித்து முகநூலுக்கும், அது சலித்து வேறொன்றுக்கும் இடம் மாறிக்கொண்டே இருப்பவர்கள் இந்த உரையாடலை வாசிக்க வேண்டும்.

அதே நூலில்தான் அப்பா பவுலின் கதை வருகிறது. நகரங்களிலிருந்து ஏழு நாள் பயணத் தொலைவில், பேரீச்ச மரங்களும் சிறு தோட்டமும் உள்ள இடத்தில் அவர் வாழ்ந்தார். உணவுக்குக் குறையில்லை. கூடை முடைந்தால் விற்க வழியில்லை. சந்தைக்கு அனுப்பும் கூலி கூடையின் விலையை விஞ்சிவிடும். ஆயினும் அவர் நாள்தோறும் ஓலை சேகரித்து, அதனால்தான் பிழைப்பு என்பதுபோல் தமக்குரிய அளவை முடைந்தார். ஆண்டு முடிவில் குகை நிறைந்துவிடும். அனைத்தையும் தீயிட்டுவிட்டு மறுபடி முதல் ஓலையை எடுப்பார்.

இக்கதையைக் கேட்கும் நம் மக்கள், எரிப்பதற்குப் பதில் ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்பார்கள். நியாயம்தான். ஆனால் அங்கே வாங்குவார் இல்லை. நாம் கவனிக்க வேண்டியது தீயை அன்று, கூடையை. எரியப் போகும் கூடைதானே என்று அவர் அளவைக் குறைத்ததாகக் கசியான் சொல்லவில்லை. ஊர்த் திருவிழாக் கொடியேற்றத்தன்று ஆரவாரமாகத் தொடங்கி, தேர்ப்பவனிப் படங்களோடு நின்றுபோன பங்குப் பக்கங்களைக் காணும்போதெல்லாம் அந்தக் குகை நம் நினைவில் எழுகிறது. அவற்றை நடத்திய இளைஞர்கள் சோம்பேறிகள் அல்லர். பார்த்தவர் எண்ணிக்கை குறைந்தது, பார்த்த நால்வரில் ஒருவர் குறை சொன்னார், அவ்வளவுதான். அந்நால்வருள் ஒருவர் வெளிநாட்டில் தனியறையில் அமர்ந்து தம் ஊர்க் கோவிலின் ஞாயிறு அறிவிப்புகளை வாசித்தவராக இருக்கலாம் என்று அவ்விளைஞருக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. வாரம் ஓர் அறிவிப்பு, மாதம் ஒரு மூத்த குடும்பத்தின் வரலாறு என்ற அளவோடு மீண்டும் தொடங்க அவர்களை அழைக்கலாம். முதலில் தேவைப்படுவது கைப்பேசியன்று. அவர்களோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேச ஒரு பெரியவர்.

எவாக்ரியுசின் எழுத்துக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லவில்லை. அவர் இறந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், 553-ஆம் ஆண்டுக் கான்ஸ்டாண்டிநோப்பிள் சங்கத்தை ஒட்டி ஒரிஜனின் கொள்கைகளோடு அவர் பெயரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கிரேக்க மூலங்கள் பல மறைந்தன. சில சிரியாக், அர்மீனிய மொழிபெயர்ப்புகளில் மட்டும் பிழைத்தன. செபம் பற்றிய அவரது சிறு நூல் நீலுஸ் என்னும் வேறொரு துறவியின் பெயரில் கைமாறிக் கைமாறிப் பல நூற்றாண்டுகள் வாசிக்கப்பட்டது. அதை எழுதியவர் எவாக்ரியுஸ்தான் என்று இயேசு சபைக் குரு இரெனே ஹவுசேர் எடுத்துக்காட்டியது 1934-ஆம் ஆண்டில். அதுவரை அந்நூலைப் படித்துச் செபித்த துறவிகளுள் பலருக்கு அதை எழுதியவர் அவர் என்பது தெரியாது.